முட்டைக்கு முன் ஒரு வாய்த் தண்ணீர்

"என் அக்காதான் என் மனைவிக்கு விஷம் வைக்கிறா. அதை நீங்க நிரூபிச்சுக் கொடுக்கணும்" என்றார் வந்தவர். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். விரல் இடுக்குகளில் கிரீஸ் கறை அப்படியே இருந்தது.

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பக்கத்தில் இருந்த அவருடைய மைத்துனர் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார். கேமரா பழுதுபார்ப்பவர் அவர்; அத்தானிடம் வழக்கு வந்தால் கடைக்குப் பூட்டு விழும்.

மெக்கானிக்கின் மனைவி பள்ளி வேன் ஓட்டுபவர். பிறந்தநாள் என்று பிள்ளைகள் எதை நீட்டினாலும், கேக்கோ ஜெல்லி மிட்டாயோ, வாயில் போட்டுக்கொள்வார். அப்படித் தின்ற ஒரு நாள் வேனிலேயே உதடு தடித்து, தொண்டை இறுகிவிட்டது. வண்டியை எப்படியோ ஓரங்கட்டியதால் பிள்ளைகள் தப்பினார்கள். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியாமல் வேனைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெறும் சோறு, பேரிக்காய், வேகவைத்த பூசணி. உடம்பு தேறியதும் ஒவ்வொரு உணவாகத் திரும்பச் சேர்த்து, எது ஆகாது என்று பார்க்க வேண்டும்.

"பால் சேர்த்தோம், வீங்கிடுச்சு. முட்டை சேர்த்தோம், வீங்கிடுச்சு. ஆனா அதே முட்டையை டாக்டர் முன்னாடி சாப்பிட்டா ஒண்ணுமே ஆகலை. அப்ப எங்க அக்கா சொன்னா, 'வீட்டுலதான் ஏதோ இருக்கு'ன்னு. அவ வாயாலயே மாட்டிக்கிட்டா. வீட்டைவிட்டு அனுப்பிட்டேன். நேத்து கோதுமை சேர்த்தோம். மூச்சே நின்னு போகப் பாத்துச்சு."

"அக்காதான் வீட்டுல இல்லையே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"போறதுக்கு முன்னாடி மாவுல கலந்திருப்பா."

அன்றே இருவரும் அந்த வீட்டுக்குப் போனார்கள். மைத்துனர் நேராக மாவு டப்பாவிடம் போனார். திரும்பி வந்தபோது முகம் விழுந்திருந்தது. மாவு, அக்கா போன பிறகு நேற்று வாங்கிப் பிரித்த புதுப் பாக்கெட்.

வேன் ஓட்டுநர் சோபாவில் படுத்திருந்தார். கை எலும்பில் வளையல் தொளதொளவென்று தொங்கியது.

"முட்டை சாப்பிட்ட அன்னிக்கு என்னெல்லாம் சாப்பிட்டீங்கம்மா? ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

"காலையில பேரிக்காய். அப்புறம் ஒரு வாய் தண்ணி, உடனே முட்டை. அவ்வளவுதான் சார்."

"டாக்டர்கிட்ட சாப்பிட்டப்போ?"

"அங்க மாத்திரை மருந்து எதுவும் போடாம வரச் சொன்னாங்க. முட்டை மட்டும்தான்."

இன்ஸ்பெக்டர் அறையைச் சுற்றிப் பார்த்தார். மேசையில் பாதி காலியான ஒரு மருந்து அட்டை கிடந்தது. அதிலிருந்து ஒன்றைப் பிரித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"மாப்பிள்ளை, எல்லாரையும் டாக்டர்கிட்ட கூட்டிட்டு வாங்க. அவங்க அக்காவையும்."

அக்கா, தான் வேலை பார்க்கும் சலவைக் கடையிலிருந்து நேராக வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை, கதவோரம் நின்றார். தம்பி அவர் பக்கம் திரும்பவே இல்லை.

டாக்டர் ஓட்டுநரின் முன்கையில் வரிசையாகச் சொட்டுகள் வைத்து, ஊசியால் லேசாகக் கீறினார். பால், முட்டை, கோதுமை. கடைசியாக, இன்ஸ்பெக்டர் முன்பே கொடுத்து அனுப்பியதில் இருந்து ஒரு சொட்டு. அனைவரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பால் வைத்த இடம் அப்படியே இருந்தது. முட்டை, கோதுமை இடங்களும்தான். கடைசி இடம் மட்டும் சிவந்து, கண்ணெதிரே கொப்புளமாக எழும்பியது.

"கண்டுபிடிச்சாச்சு" என்று மெக்கானிக் அக்காவின் பக்கம் பாய்ந்தார். "என்ன கலந்தே? சொல்லு."

"அவங்க எதுவும் கலக்கலை" என்றார் இன்ஸ்பெக்டர். "ஒரு மனுஷிக்கு எல்லாச் சாப்பாடுமே ஆகாமப் போகுதுன்னா, தப்பு சாப்பாட்டுல இருக்காது, கூடப் போற வேற ஒண்ணுல இருக்கணும். முட்டைக்கு முன்னாடி ஒரு வாய் தண்ணி எதுக்கும்மா குடிச்சீங்க?"

ஓட்டுநர் விழித்தார். "மாத்திரை முழுங்க. புதுச் சாப்பாடு சேர்க்கிற நாள்ல மட்டும், வயித்துக்கு. அது மருந்துதானே சார், சாப்பாட்டுக் கணக்குல எப்படி வரும்?"

"அது காப்ஸ்யூல்மா. மருந்து உள்ள இருக்கிற பொடி. அதைச் சுத்தி இருக்கிற உறை, மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற ஜெலட்டின். ஜெல்லி மிட்டாய்லயும் அதேதான். அந்தக் கடைசிச் சொட்டு, வெறும் உறையைக் கரைச்ச தண்ணி. டாக்டர்கிட்ட வந்த அன்னிக்கு மாத்திரை போடலை, அதனால முட்டை ஒண்ணும் பண்ணலை."

டாக்டர் கையிலிருந்த ஊசியை மெல்லத் தட்டில் வைத்தார். "வீட்டுல என்ன மாத்திரை போடறாங்கன்னு நான் கேட்கவே இல்லையே" என்றார், தனக்குத்தானே.

"அந்த மாத்திரையை யாரும்மா கொடுத்தது?" என்று மைத்துனர் ஆவலில் கேட்டுவிட்டு, ஓட்டுநரின் பார்வை போன இடத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மெக்கானிக்கின் முகத்தில் ரத்தமே இல்லை. "நான்தான்" என்றார். "வயிறு தாங்கணுமேன்னு கடையில கேட்டு வாங்கினேன். நேத்து இவ மூச்சு விட முடியாம கிடந்தப்போகூட, மாத்திரை கொடுத்துமா இப்படின்னு..." சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

"அவர் வேணும்னு செய்யலை சார்" என்றார் ஓட்டுநர் அவசரமாக.

"தெரியும்மா" என்றார் இன்ஸ்பெக்டர். டாக்டரும் தலையசைத்தார்.

அதுவரை கதவோரம் நின்ற அக்கா உள்ளே வந்தார். தம்பி மனைவியின் சட்டைக் கையை இறக்கி, கொப்புளத்தில் உரசாமல் சரிசெய்துவிட்டார். பிறகுதான் தரையில் உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்தார்.

"நீ வேணும்னு செய்யலைன்னு கேட்காமலே எல்லாரும் நம்பிட்டாங்க தம்பி" என்றார். "நான் செய்யலைன்னு நீ ஒருத்தன் நம்பியிருக்கலாம்."