மறுபடி ஆன் பண்ணு

அன்று அறையில் இருந்தவர்கள் மூன்றே பேர். கம்ப்யூட்டர் மேசைக்கு வலப்பக்கம், பிளாஸ்டிக் நாற்காலியில் அக்கா. பின்னால் சுவரோரக் கட்டிலில், தலையணையை மடியில் வைத்துக்கொண்டு அவள் கணவர், மாமா. மேசைக்கு முன்னால் முழங்காலிட்டு, திருப்புளியும் கையுமாகத் தம்பி. கட்டிலுக்கு அப்பால் கதவு திறந்திருந்தது. நேரம் காலை பதினொன்று.

அக்கா கார்ட்டூன் படம் செய்கிறவள். ஆறு மாத உழைப்பு. சாயங்காலம் ஐந்து மணிக்குள் அனுப்பாவிட்டால் அத்தனையும் வீண். அந்தப் படம் ஓடத் தேவையான பழைய கிராஃபிக்ஸ் கார்டு முந்தின நாள்தான் உயிரை விட்டிருந்தது. தம்பி புதிது வாங்கிவந்து, பெட்டியைப் பிரித்து மாட்டினான்.

உள்ளே விசிறி சுழன்றது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

"என்ன டாக்டரே, பேஷன்ட் கண்ணத் தொறக்க மாட்டேங்குதே?" என்றார் மாமா.

"புதுசு மாமா. கொஞ்சம் முரண்டு பிடிக்கும்."

தம்பி எதையும் வரிசைப்படி செய்பவன். கார்டைக் கழற்றினான், கம்ப்யூட்டர் ஒழுங்காக எழுந்தது. மாட்டினான், படுத்துவிட்டது. பவர் ஒயரை மாற்றி ஆன் செய்தான். கறுப்பு. பக்கத்து ஸ்லாட்டில் செருகி ஆன் செய்தான். கறுப்பு. போர்டிலிருந்த வட்ட பேட்டரியைக் கழற்றி மாட்டி, மறுபடியும் ஆன் செய்தான்.

அப்போதுதான் கவனித்தான். கறுத்த கண்ணாடியில் அறை மங்கலாகத் தெரிந்தது. தன் முகம். அக்காவின் தோள். கட்டிலில் மாமா.

கதவருகே இன்னொருவர்.

திரும்பிப் பார்த்தான். யாருமில்லை. நனைந்த சாம்பலைப் போல ஒரு வாடை மட்டும் வந்தது.

"என்னடா முழிக்கிற? மறுபடி ஆன் பண்ணு," என்றாள் அக்கா.

பண்ணினான். அந்த உருவம் கதவைத் தாண்டி உள்ளே நின்றது.

இன்னொரு முறை. கட்டிலின் கால்மாட்டில்.

ஒவ்வொரு தடவைக்கும் ஓர் அடி.

"போதும்க்கா. இந்தக் கார்டைத் திருப்பிக் குடுத்துடலாம்." திருப்புளியைக் கீழே வைத்தான்.

"அஞ்சு மணிக்கு நான் எதை அனுப்புறது, உன் மூஞ்சியவா? இன்னும் ஒரே ஒரு தடவைடா."

"மாமா," என்று கிசுகிசுத்தான். "எந்திரிச்சு இந்தப் பக்கம் வாங்களேன்."

"ஏன்டா, கட்டில்ல மூட்டைப்பூச்சியா?" மாமா சிரித்தபடி எழுந்து வந்தார். "தள்ளு. என் கை ராசியான கை."

தம்பி தடுப்பதற்குள் பொத்தானை அமுக்கிவிட்டு, போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்தார்.

கறுப்பு.

கண்ணாடியில் கட்டில் தெரிந்தது. தலையணையை மடியில் வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்திருந்தது மாமா இல்லை.

பிறகு திரை வெளுத்தது. கம்ப்யூட்டர் எழுந்தது. அக்கா கைதட்டினாள்.

"பாத்தியா டாக்டரே?" என்றது மாமாவின் குரல்.

நாலரை மணிக்குப் படம் போய்ச் சேர்ந்தது. கிளம்பும்முன் தம்பி திரையை அணைத்துவிட்டு ஒருமுறை பார்த்தான். அக்காவின் தோளுக்குப் பின்னால், மாமா நின்ற இடத்தில் தெரிந்ததும் அதுவேதான்.

மூன்று நாள் அக்காவுக்குப் போன் செய்தான். ஒவ்வொரு தடவையும் மாமாவே எடுத்தார். நான்காம் நாள் உட்கார்ந்து, யார் யார் எங்கே இருந்தார்கள் என்பதிலிருந்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுதினான். 'கட்டின துணியோடு கிளம்பி என் வீட்டுக்கு வந்துவிடு' என்று முடித்து, உறையிலிட்டு, பசை தடவி அழுத்தி ஒட்டினான். அக்காவின் பக்கத்து வீட்டு விலாசம் எழுதினான். எழுதியதைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை.

தெருமுனைத் தபால்பெட்டியில் சாய்ந்தபடி மாமா நின்றிருந்தார்.

"அக்காவுக்குத்தானே? குடு, நானே போட்டுடுறேன்."

விரல்களை இறுக்க நினைத்தான். முடியவில்லை. கடிதம் கைமாறியது.

"கட்டின துணியோட ஏன்டா வரச் சொல்ற? நாலு துணி எடுத்துக்கிட்டே வரட்டும். நாங்க ரெண்டு பேருமே வர்றோம்."

உறையின் ஒட்டு பிரியவே இல்லை. மாமா அதைப் பெட்டிக்குள் போட்டார். அடியில் விழும் சத்தம் கேட்டது.