ஒரு பொட்டு மெய்ப்பசை

சிறகு "நலம்" என்றது.

லிங்ககனி கேள்கோலை ஒரு சாண் தள்ளி வைத்தார். அங்கும் "நலம்". இன்னும் ஒரு சாண் தள்ளினார். "நலம்." அது ஆண்குரலும் இல்லை, பெண்குரலும் இல்லை, வங்கியில் டோக்கன் எண்ணைக் கூப்பிடுகிற குரல்.

"பொண்ணு பாக்கப் போற வீட்டுலகூட இத்தன கேள்வி கேக்க மாட்டாவ அத்தான்," என்றான் செங்கோல்ராஜ். லிங்ககனியின் மனைவி கனகபுஷ்பத்துக்கு அவன் ஒரே தம்பி. கொட்டகையின் மூலையில் சிறகில்லாமல் நின்ற பறவண்டியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். "திங்கக்கெழம நான் வேலையில சேரணும். நீங்க பசைகிட்ட நலம் விசாரிச்சிக்கிட்டு இருக்கிய."

கரையோரச் சாலையைக் கடல் எடுத்துக்கொண்டபின் தூத்துக்குடியைச் சுற்றியிருந்த உப்பளங்கள் தனித்தனித் தீவுகளாகிவிட்டன. படகு போனால் தரைதட்டும், லாரி போனால் மூழ்கும். அதனால் வீட்டுக்கு வீடு பறவண்டி. ஒருவர் உட்கார இடம், ஒரு மூட்டை வைக்க இடம். நுரைப்பலகையும் இழைத்துணியும் பசையும் வாங்கி அவரவர் வீட்டிலேயே கட்டிக்கொள்வது. தீவுகளுக்கு மருந்து கொண்டுபோகும் வேலை செங்கோல்ராஜுக்குக் கிடைத்திருந்தது. சொந்தப் பறவண்டியோடு வரவேண்டும் என்பதுதான் நிபந்தனை. எல்லாம் தயார். வலச்சிறகை மட்டும் அத்தான் விடமாட்டேன் என்கிறார்.

பசையில் ஒரு பழைய சங்கடம் உண்டு. ஆணி அடித்தால் தலை தெரியும், தையல் போட்டால் நூல் தெரியும். பசை பிடித்ததா இல்லையா என்பது மட்டும் இரண்டு பலகைகளுக்கு நடுவே இருட்டில் நடக்கிற சமாசாரம். பிரித்துப் பார்த்தால் தெரியும்; பிரித்தபின் தெரிந்து யாருக்கு லாபம்? மெய்ப்பசை வந்து அந்தச் சங்கடத்தைத் தீர்த்தது. பிசினில் கலந்திருக்கும் உணர்தூள், பசை இறுகும்போதே ஒன்றோடொன்று கைகோத்து, எங்கே இறுக்கம், எங்கே ஓட்டை என்று தன்னையே சோதித்துக்கொள்ளும். கேள்கோலால் தொட்டால் "நலம்" என்றோ "நலமில்லை" என்றோ வாய்விட்டுச் சொல்லும். அதோடு விடாது. தன் பதிலுக்குப் பிறகு அந்த இணைப்பு பறக்கவிடப்பட்டதா, அறுத்து எறியப்பட்டதா என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளும். ஓர் இணைப்பு பட்ட பாடு கேள்கோல் வழியே எல்லா மெய்ப்பசைக்கும் போய்ச் சேரும். மூடி திறக்காத டப்பாவுக்குக்கூட மூத்த பசைகளின் அனுபவம் பிறவியிலேயே உண்டு. பட்டுத் தெளியும் பசை என்று கம்பெனி விளம்பரம் செய்தது.

அந்தப் பசையின் ஏஜென்சி லிங்ககனியிடம் இருந்தது. மளிகைக் குடும்பம். பருப்பு நிறுத்த கை பசை நிறுக்க வந்திருந்தது.

லிங்ககனி மேசைக்கடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தை எடுத்தார்.

பசை கலக்கிய கிண்ணத்தை ஊரே குப்பையில் போடும். லிங்ககனிக்கு மனசு வராது. அடியில் மிஞ்சியது மறுநாள் கல்லாக இறுகியதும், கிண்ணத்தை நெளித்தால் வில்லை மாதிரி கழன்று விழும்; கிண்ணம் மறுபடியும் புதுசு. இந்தக் கிண்ணத்தில் வில்லை கழலவில்லை. விளிம்பு உடைந்த கிண்ணம் என்பதால் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. வலச்சிறகை முழுவதும் தாங்குகிற நடுத்தண்டுக்கு இதில்தான் கலந்தார்.

"இதுல நகத்த வையி மாப்ள."

செங்கோல்ராஜ் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். அல்வாவில் இறங்குவதுபோல் நகம் இறங்கியது. லிங்ககனி கேள்கோலைக் கிண்ணத்துக்குள் நீட்டினார்.

"நலம்," என்றது பசை, நகம் உள்ளே இருக்கும்போதே.

செங்கோல்ராஜ் விரலை உருவிக்கொண்டான்.

"கிண்ணத்து ஓரத்துல சரியாக் கலங்காம நின்னுருக்கும்," என்றான் செங்கோல்ராஜ்.

"ஓரத்துல மட்டுமா? நடுவுல வையி."

நடுவிலும் இறங்கியது.

"எடை போட்டது யாரு மாப்ள?"

"நீங்கதான்."

"அதான் சொல்லுதேன்," என்றார் லிங்ககனி. தன் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "முப்பது வருசம் கல்லாவுல நின்ன கை. முள்ளு நேரா நின்னதும் இன்னும் ஒரு சிட்டிகை போடாம இது திரும்பாது. உனக்குன்னு கலக்கும்போது சும்மா இருந்திருக்குமா? ஹார்ட்னர்ல தாராளமாக் கொசுறு போட்டிருக்கு."

பிசினுக்குக் கொசுறு ஆகாது. பிசினில் எத்தனை கைகள் உண்டோ அத்தனைக்குத்தான் அதை இறுக்குகிற ஹார்ட்னர் வேண்டும். கூடுதலாக வந்தவை பிடிக்கக் கை கிடைக்காமல் நடுவிலேயே நின்றுவிடும். பசை கடைசிவரை ரப்பராகவே கிடக்கும். லிங்ககனி இதை எத்தனையோ பேருக்குச் சொல்லி விற்றிருக்கிறார். அவர் கையிடம் யாரும் சொல்லவில்லை.

"சரி, நீங்க தப்பாக் கலந்திய. பசை ஏன் பொய் சொல்லணும்?"

அது லிங்ககனிக்குக் காலையிலேயே பிடிபட்டிருந்தது.

"எங்கப்பா கடையில சரக்கு பாக்க அய்யாத்துரைன்னு ஒருத்தர் இருந்தாரு. வந்த புதுசுல, பருப்புல வண்டு இருக்கு மொதலாளின்னு வந்து சொல்லுவாரு. சொல்லும்போதெல்லாம் ஏச்சு. நீ மூட்டைய ஒழுங்கா வைக்கல, நீ மழையில விட்டுட்டன்னு. வண்ட யாரும் ஏசல, அவரத்தான். ஒரு வருசம் பாத்தாரு. அப்புறம் எப்பக் கேட்டாலும், எல்லாம் நல்லாருக்கு மொதலாளி. அப்பாவுக்குப் பரம திருப்தி, அய்யாத்துரை தேறிட்டான்னு."

"அதுக்கும் இதுக்கும் என்ன அத்தான்?"

"நலமில்லைன்னு சொன்ன பசைய நாம என்ன செஞ்சோம்? அறுத்தோம், எரிச்சோம். நலம்னு சொன்னதப் பறக்கவிட்டோம். உண்மையச் சொன்னா ரம்பம்னு அதுக்கு நாமதான பாடம் எடுத்தோம்? கடைசியா எப்ப நீ நலமில்லைன்னு கேட்ட, யோசி."

செங்கோல்ராஜ் யோசித்தான். ஆரம்பத்தில் வாரத்துக்கொரு கொட்டகையில் அந்தச் சொல் கேட்கும். இப்போது கேட்டு இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஊர்க்காரர்களுக்குத் தொழில் கைவந்துவிட்டது என்று கம்பெனி பேருந்து நிலையத்தில் பேனர்கூட வைத்திருந்தது. லிங்ககனிதான் மாலை போட்டார்.

சாயங்காலம் கனகபுஷ்பம் கொட்டகைக்கு வந்தாள். இருவர் முகத்தையும் பார்த்தாள், கிண்ணத்தில் தன் நகத்தையும் வைத்துப் பார்த்தாள்.

"உப்பு ஏத்திப் பாத்துருவோம்," என்றாள்.

சிறகைக் கவிழ்த்து வண்டியோடு சேரும் முனையைச் சுவரோடு இறுக்கி, வானத்தில் காற்று எவ்வளவு தூக்குமோ அவ்வளவு பாரத்தை மேலே ஏற்றுவது. மெய்ப்பசை வருவதற்குமுன் எல்லோரும் செய்ததுதான். பேசுகிற பசை வந்தபின் இதைச் செய்வது பசையைச் சந்தேகப்படுவதாகிவிட்டது.

"ஒடஞ்சிட்டா திங்கக்கெழம நான் எப்படிப் போவேன்?" என்றான் செங்கோல்ராஜ்.

"ஒடஞ்சிட்டா திங்கக்கெழம நீ உசுரோட இருப்பல," என்றாள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து உப்புக் கிட்டங்கியிலிருந்து மூட்டைகள் வந்தன. லிங்ககனி நடுத்தண்டில் கேள்கோலைக் கட்டி, தானே பேசட்டும் என்று திறந்துவிட்டார். ஒரு மூட்டை வைத்தார்கள். "நலம்." இன்னொன்று. "நலம்." சிறகு கொஞ்சம் கொஞ்சமாக வளைந்தது. வளையத்தான் வேண்டும். பறவண்டி சும்மா நேராகப் போவதற்கான பாரத்தைத் தாண்டியது. செங்கோல்ராஜின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. லிங்ககனிக்கும் ஆசை வந்தது. தன் கை தப்புச் செய்யவில்லை என்று ஆகிவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும். ஒரு திருப்பத்தில் வருகிற பாரத்துக்கு அடுத்த மூட்டையைச் செங்கோல்ராஜே தூக்கி வைத்தான்.

சத்தம் பெரிதாக இல்லை. நனைந்த அட்டைப்பெட்டி கிழிகிற சத்தம். தண்டு பசையிலிருந்து வழுக்கி உருவிக்கொண்டது. சிறகு மடங்கி மூட்டைகள் சரிந்தன. உப்புக்கு நடுவிலிருந்து கேள்கோல், "நலம்," என்றது.

செங்கோல்ராஜ் அங்கேயே உப்பின்மேல் உட்கார்ந்துவிட்டான். கனகபுஷ்பம் தம்பியின் தலையில் கைவைத்து நின்றாள்.

லிங்ககனி உடைந்த சிறகைக் கடைவாசலில் தொங்கவிட்டார். வருகிறவர்களை எல்லாம் நகம் வைக்கச் சொன்னார். வைத்தார்கள், திகைத்தார்கள், வீட்டுக்குப் போனார்கள். போனதும் தங்கள் சிறகைக் கேட்டார்கள். அது "நலம்" என்றது. நிம்மதியானார்கள். செங்கோல்ராஜின் மருந்துவேலையை அந்தத் திங்கட்கிழமை பெற்றுக்கொண்ட அடுத்த தெரு சேசுராசன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "அண்ணாச்சி, அது உம்ம கொசுறுக் கை. பசைய ஏன் ஏசுதீரு? நான் கொசுறு போடுத ஆளா?"

அவர் விடவில்லை. வேண்டுமென்றே கெடுத்துக் கலந்த கிண்ணங்களை வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தார். ஒரே ஒரு "நலமில்லை" கிடைத்தால் போதும். அதை அறுக்காமல் பறந்ததாகச் சொல்லி, உண்மை பேசினாலும் பிழைக்கலாம் என்று பசைக்கு மறுபடி பழக்கலாம். எல்லாக் கிண்ணமும் "நலம்" என்றது. பாராட்டுவதற்காவது அது ஒரு தடவை உண்மையைச் சொல்ல வேண்டுமே. கம்பெனி ஏஜென்சியை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்தது.

சேசுராசன் தை பிறக்கும்முன் மூன்றாவது தீவுக்கு மேலே திரும்பும்போது விழுந்தான். சிறகின் துண்டுகளைப் பொறுக்கி வந்து கேள்கோலால் தொட்டார்கள். ஒவ்வொரு துண்டும் "நலம்" என்றது. ஓட்டியவர் தவறு என்று முடிவாயிற்று. மருந்துவேலை காலியானது. சாவு வீட்டிலிருந்து திரும்பும் வழியில் செங்கோல்ராஜ், "என் எடத்துல விழுந்துட்டான் அத்தான்," என்றான்.

அதற்குள் அவர்கள் இரண்டு சிறகையும் புதிதாகக் கட்டியிருந்தார்கள். இடச்சிறகையும் நம்பவில்லை. படகுத்துறையில் இன்னும் புழங்குகிற ஊமைப்பசை. எதுவும் பேசாது, எதையும் கற்காது. எடை போட்டது செங்கோல்ராஜ். லிங்ககனி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஒவ்வொரு கிண்ணத்து வில்லையையும் சுத்தியலால் அடித்துப் பார்த்து, சில்லுச்சில்லாகத் தெறித்தபின்தான் அடுத்த வேலை. உப்பு மூட்டைகள் முழுவதையும் சிறகுகள் முனகாமல் தாங்கின.

பறப்பு அலுவலகத்து அதிகாரி மதுரவல்லி கேள்கோலை வைத்தார். சிறகு பேசவில்லை.

"அனுமதி தர முடியாது அண்ணாச்சி."

"உப்பு ஏத்திக் காட்டுதேன் மேடம். நீங்களே மூட்டைய எண்ணுங்க."

"நான் எண்ணி என்ன பண்ண? சிறகு சொல்லணும். பேசாத சிறகுக்கு விதியில எடம் இல்ல." குரலில் வெறுப்பில்லை. "ஏதாவது ஒரு இடத்துல பேசுனாலும் போதும். எனக்கும் மேல ஒருத்தருக்குப் பதில் சொல்லணும்."

லிங்ககனி அவரை ஏறிட்டுப் பார்த்தார். பேரம் எங்கே படிகிறது என்பது முதலாளி வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து, அலமாரியில் கிடந்த கடைசி மெய்ப்பசை டப்பாவைத் திறந்தார். தீக்குச்சி முனையில் தொட்டு, நடுத்தண்டின்மேல் ஒரு பொட்டு வைத்தார். எதையும் ஒட்டாத, எதையும் தாங்காத ஒரு பொட்டு.

மறுநாள் அதிகாரி அதைத் தொட்டார். "நலம்," என்றது. முத்திரை விழுந்தது.

செங்கோல்ராஜ் மருந்து மூட்டையோடு கிளம்பினான். சிறகு லேசாக வளைந்து அவனைத் தூக்கியது. முதல் தீவு, இரண்டாவது, மூன்றாவதுக்குமேல் திரும்பியது. கனகபுஷ்பம் வெயிலுக்குக் கண்மேல் வைத்திருந்த கையை இறக்கினாள். வானத்தில் வேறு பறவண்டிகளும் போய்க்கொண்டிருந்தன. கீழிருந்து பார்த்தால் எல்லாச் சிறகும் ஒன்றுபோலத்தான் இருந்தது.

இருட்டுமுன் தம்பி திரும்பி வந்து இறங்கினான். விதிப்படி கேள்கோலை அந்தப் பொட்டில் வைத்தபோது அது கேட்டது: "பறந்ததா, அறுத்தீர்களா?"

லிங்ககனியின் விரல் கேள்கோலின் இரண்டு பொத்தான்களுக்கு நடுவே நின்றது. அறுத்தோம் என்றால் நாளைக்கு இந்தச் சிறகு பறக்க அனுமதி இல்லை. பறந்தது என்று அழுத்தினார். அது உண்மையும்கூட.

ஊரில் இருக்கிற மெய்ப்பசைக்கெல்லாம் அந்த நொடியில் செய்தி போய்ச் சேர்ந்தது: நலம் என்றேன், பத்திரமாகப் போய்த் திரும்பினார்கள்.