முள்ளுருளைக்கு ஒரு வரிசை

மேல்மேடையில் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் குறைவில்லை. பேசத்தான் ஆளில்லை. காலையில் எழுந்ததும் பூங்கோதை எதையாவது வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பாள், குரல் இருக்கிறதா என்று.

தாவுநகரத்தில் படிக்கட்டு கிடையாது, மின்தூக்கியும் கிடையாது. வீடுகள் அந்தரத்தில் நிற்கும் மேடைகளில். எல்லோர் காலிலும் தாவுகாலணி. எங்கே கூட்டம் சேர்கிறதோ அங்கே நகரமூளை ஒரு வலுமணியைத் தொங்கவிடும். முதலில் தொட்டவரின் காலணிக்கு வலு கூடும், அவர் இன்னும் உயரே குடியேறுவார், கீழே நெரிசல் குறையும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான்.

ஒரே சங்கடம், வலு கூடிய காலணிக்குச் சின்னத் தாவல் வராது. கீழ்மேடைகளோ ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்பவை. அங்கே தாவினால் மண்டை உடையும். அதனால் மேலே போனவர் போனவர்தான்.

"நீ முதல்ல போ கோதை, நான் பின்னாடியே வந்துடறேன்" என்று கணவன் அறவாழிதான் அவளை அனுப்பிவைத்தான். அவள் நாலு வலுமணி பிடித்து மேலே வந்துவிட்டாள். அவனுக்கு, பாவம், முண்டியடிக்கத் தெரியாது, ஒன்றுகூடச் சிக்கவில்லை. தினமும் தொலைபேசியில் நெடுநேரம் பேசியது சுருங்கிச் சுருங்கி, சாப்பிட்டாயா என்ற விசாரிப்பில் வந்து நின்றது. நேற்று அவன் அதையும் கேட்கவில்லை.

"நீ இல்லாம எனக்குப் பழகிடுச்சு கோதை. அதான் பயமா இருக்கு" என்றான்.

வலுவைத் தொலைக்க ஊரில் ஒரே வழிதான் உண்டு. மேடை ஓரங்களில் பாசி சுரண்டிக்கொண்டு போகும் முள்ளுருளை நம்மேல் பட்டால் உடம்பெல்லாம் தூக்கிப்போடும், காலணியிலிருந்து ஒரு மணியின் வலு இறங்கிவிடும். எல்லோரும் அஞ்சி ஒதுங்கும் இயந்திரம். நாலு அடி வாங்கினால் வீட்டுக்குப் போய்விடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பினாள்.

அங்கே ஏற்கெனவே ஒரு வரிசை நின்றது.

அத்தனை பேரும் மேல்மேடைக்காரர்கள். இவ்வளவு பேர் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள், அவளுக்குத் தெரியாது. முன்னால் நின்ற பெரியவர் திரும்பி, வெட்கத்தோடு சிரித்தார்.

"சம்சாரத்த நேர்ல பாத்து ரொம்ப நாளாச்சும்மா. நீங்க?"

"எங்க வீட்டுக்காரர் கீழ இருக்காருங்க" என்றாள் அவள். வரிசை மெல்லப் பேசத் தொடங்கியது. யாரோ முறுக்குப் பொட்டலம் நீட்டினார்கள். அங்கேயே இருந்துவிடலாம் போல அவளுக்குத் தோன்றியது.

கூட்டம் சேர்ந்திருப்பதை நகரமூளை கவனித்தது. தன் கடமையைச் செய்தது. அவள் தலைக்கு நேர் மேலே ஒரு வலுமணி மின்னிக்கொண்டு இறங்கி நின்றது.

நடை பழகுமுன்பே மணிக்குத் தாவப் பழகிய கால்கள். யோசிப்பதற்குள் தாவிவிட்டாள். விரல் பட்டது, மணி மறைந்தது. வரிசையும் முள்ளுருளையும் கீழே கீழே போயின. "ஐயோ, வேணாம்" என்று அவள் அழுதது தாவி முடிந்த பிறகுதான்.

பெரியவர் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால் நின்றவர் ஓர் அடி முன்னால் நகர்ந்துகொண்டார்.