தும்பையின் தலைவலி

காலை ஆறே முக்காலுக்கு முனிரத்தினம் விமானமாக மாறிவிடுவார். பல் துலக்கி, காபி குடித்து, கொட்டகைக் கதவைத் தள்ளித் திறந்து, போனைக் காதில் வைத்ததும் அது நடந்துவிடும். மாயமெல்லாம் ஒன்றுமில்லை. சட்டம் அப்படி.

"வணக்கம் தும்பை. ராத்திரி எப்படி இருந்தீங்க?" திருச்சிப் பதிவகத்திலிருந்து கமருன்னிசா கேட்பார்.

"நல்லா இருந்தேன் மேடம். பனிதான் ஜாஸ்தி, றெக்கையெல்லாம் ஈரம். ஆயில் சரியா இருக்கு. டேங்க் அடியில கண்ணாடிக் குப்பியில பிடிச்சுப் பார்த்தாங்க, எரிபொருள்ல தண்ணி கலக்கலை. நேத்து மூணாவது சிலிண்டர் ப்ளக் ரெண்டையும் கழட்டிக் கரியைத் துடைச்சாங்க. துடைச்ச ஆளு கொஞ்சம் மக்கு. ஸ்பேனரைத் தன் கால் மேலயே போட்டுக்கிட்டான்."

"உங்க உரிமையாளரா?"

"அந்த ஆளேதான்."

தன்னுரைச் சட்டம் வந்து முப்பத்தோரு வருடம் ஆகிறது. எந்த இயந்திரமானாலும் தினம் ஒருமுறை தன் உடல்நிலையைத் தன் வாயாலேயே சொல்லியாக வேண்டும். மிக்சி சொல்கிறது, லிப்ட் சொல்கிறது, டவுன் பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் தன் முட்டிவலியைச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறது. வாயில்லாத பழைய இயந்திரங்களுக்கு ஊமைப்பொறி என்று பெயர். அதை ஓட்டியே தீருவேன் என்று அடம்பிடிக்கிறவர் 'வாயாளர்' என்று பதிந்துகொண்டு, அதன் இடத்தில் நின்று 'நான்' என்று பேச வேண்டும். 'என் விமானத்துக்கு இப்படி இருக்கிறது' என்றால் செல்லாது. சொத்தைப் பற்றி மனிதன் பொய் சொல்வான், சொந்த வலியைப் பற்றிச் சொல்ல மாட்டான் என்பது சட்டம் எழுதியவர்களின் நம்பிக்கை. பாவம், அவர்களுக்கு மனிதர்களோடு அவ்வளவாகப் பழக்கமில்லை போலிருக்கிறது.

தும்பை நூற்று இருபத்து நான்கு வயதான இரண்டு இருக்கை விமானம். வெள்ளை நிறம், மேலே றெக்கை, மூக்கில் ஒற்றை இன்ஜின், குடிப்பது கரும்புச் சாராயம். ஓர் அருங்காட்சியகம் இடமில்லை என்று கழித்துக் கட்டியபோது, முனிரத்தினம் அதைப் பிரித்து லாரியில் ஏற்றித் தேன்கனிக்கோட்டைக்குக் கொண்டுவந்தார். ஊருக்கு வெளியே ஒரு புல்தரையும் கொட்டகையும் பிடித்து, எட்டு வருடம் உட்கார்ந்து பூட்டினார். முதல் முறை பூட்டி முடித்ததும் தரையில் பதினோரு போல்ட் மிச்சம் இருந்தன. மறுபடி பிரித்தார்.

பிழைப்புக்கு அவர் செய்வது வசனம் எழுதுவது. சினிமாவுக்கு அல்ல, வீட்டு இயந்திரங்களுக்கு. தமிழ்நாட்டுச் சமையலறைகளில் தோசைக்கல் "சூடாகிவிட்டேன். தாங்கள் தயாரா?" என்று பணிவாகக் கேட்கிறதே, அது அவர் கைவண்ணம். நான்கு கோடிப் பேர் தினமும் அவர் எழுத்தைக் கேட்கிறார்கள். ஒருவர்கூட முழு வாக்கியமும் முடியும்வரை காத்திருப்பதில்லை.

மனிதர்களையும் சட்டம் விட்டுவைக்கவில்லை. எல்லோர் மணிக்கட்டிலும் நாடிவளை உண்டு. காய்ச்சலோ மூட்டுவலியோ மயக்கமோ, எதுவானாலும் அதுவே சுகாதார அலுவலகத்துக்கும் வீட்டாருக்கும் சொல்லிவிடும். அதனால் யாரும் யாரையும் "உடம்புக்கு என்ன?" என்று கேட்பதில்லை. மணிக்கட்டைப் பார்த்தால் போதும். பச்சை என்றால் சௌக்கியம். மஞ்சள் என்றால் மருந்து வீடு தேடி வரும்.

தும்பையின் பக்கத்தில் மட்டும் நாடிவளைக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அந்தக் காலத்து இன்ஜினில் தெறிக்கிற மின்பொறி அதன் காதுக்கு ஆகாது, கத்தித் தீர்த்துவிடும். ஆகவே பறக்கும்போது கழற்றி வைக்க அனுமதி உண்டு. முனிரத்தினம் அதைக் கருவிப்பெட்டியில் போட்டுவிட்டுப் பறப்பார். இறங்கியதும் மாட்டிக்கொள்ள வேண்டும்.

மூன்று வாரமாக அவர் இறங்கியதும் மாட்டிக்கொள்வதில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால்தான் மாட்டுகிறார்.

காரணம் தலைவலி. மேலே போய் அரை மணியில் நெற்றிக்குள் யாரோ பலகை அடிப்பதுபோல் ஆரம்பிக்கும். பிறகு கண் லேசாக மங்கும். போன செவ்வாயன்று ஓடுபாதை அவருக்கு இரண்டாகத் தெரிந்தது. நல்லவேளை, சரியானதில் இறங்கினார். தரைக்கு வந்து, சாயங்காலத்துக்குள் எல்லாம் தெளிந்துவிடும். வளைக்குத் தெரிந்தால் 'வயது ஐம்பத்தொன்பது, தலைவலி, பார்வைக் குறைவு' என்று மூன்றே குறிப்பில் கதையை முடித்துவிடும். அன்றைக்கே பறக்கும் உரிமம் போகும். அதைவிடப் பெரிய பயம், தலைக்குள் என்னவோ வளர்கிறது என்பது. அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று பெயர் வைக்காமலே வைத்திருந்தார்.

போதாததற்கு ஞாயிற்றுக்கிழமை வேறு. இத்தனை வருடமாக "அந்த டப்பாவிலா? நானா?" என்று சிரித்துக்கொண்டிருந்த மனைவி வசுந்தரா, கல்யாணமாகி முப்பது வருடம் நிறைகிற நாளில் ஏறுவதாக ஒப்புக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு நிபந்தனை.

"ஹீட்டரை முழுசா வைக்கணும். எனக்குக் குளிர் ஆகாது, உங்களுக்கே தெரியும்."

"வெச்சுட்டா போச்சு. உனக்காக அடுப்பே வைக்கிறேன்."

வெள்ளிக்கிழமை காலை. வழக்கம்போல் ஆயில், டயர், றெக்கை எல்லாம் சொல்லி முடித்தார். கமருன்னிசா போனை வைக்கப் போனார். யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று மூன்று வாரமாக முட்டிக்கொண்டிருந்தது, அந்தக் கணத்தில் வெளியே வந்துவிட்டது. தும்பையின் குரலில் சொன்னால் வேடிக்கையாகப் போய்விடும் என்ற தைரியம்.

"இன்னொண்ணு மேடம். மேலே போய் அரை மணி ஆனா எனக்குத் தலை வலிக்குது. கண்ணு மங்குது. கீழே வந்தா சாயங்காலத்துக்குள்ள சரியாயிடுது. வயசாச்சு பாருங்க."

அவர் சிரிப்புக்காகக் காத்திருந்தார். அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம்தான் கேட்டது.

"எத்தனை நாளா?"

"சும்மா ஜோக்குக்குச் சொன்னேன் மேடம்."

"நாப்பது ஊமைப்பொறிகிட்ட தினம் பேசுறேன் சார். தலை வலிக்குதுன்னு ஒண்ணுகூடச் சொன்னதில்லை. எத்தனை நாளா?"

அவர் 'சார்' என்று கூப்பிட்டது முனிரத்தினத்துக்கு உறைத்தது. ஆறு வருடத்தில் பணி நேரத்தில் அவரைத் 'தும்பை' என்றல்லாமல் வேறு எப்படியும் கமருன்னிசா கூப்பிட்டதில்லை.

"மூணு வாரமா."

"குளிர் ஆரம்பிச்சதிலிருந்து. ஹீட்டர் போடுறீங்களா?"

"மேலே போனா கை விறைச்சுப்போகுது. கொஞ்சமாத்தான் திறப்பேன்."

"திறந்தா ஏதாவது வாசனை வருதா?"

"லேசா வெல்லம் காய்ச்சுற வாசனை வரும். நல்லாத்தான் இருக்கும்."

"நல்லாத்தான் இருக்கும்," என்றார் கமருன்னிசா, சிரிக்காமல். "கரும்புச் சாராயப் புகை சார் அது. இன்ஜின் மூடியைக் கழட்டுங்க. சைலன்சரைச் சுத்தி ஒரு தகரச் சட்டை இருக்கும், அதையும் கழட்டுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

தும்பையின் ஹீட்டர் ரொம்ப எளிமையான ஏற்பாடு. வெளிக்காற்று சூடான சைலன்சரைச் சுற்றி ஓடி, குழாய் வழியாக ஓட்டுகிறவர் காலடிக்கு வரும், அவ்வளவுதான். தகரச் சட்டையைக் கழற்ற அரை மணி நேரம் பிடித்தது. போல்ட் தளராமலிருக்க முறுக்கிக் கட்டிய காப்புக் கம்பி இரண்டு விரலைக் கிழித்தது. வெளிப்பார்வைக்கு சைலன்சர் நன்றாகத்தான் இருந்தது. கறுப்பாக, சாதுவாக.

"ஒண்ணும் தெரியலை மேடம்."

"கண்ணுக்குத் தெரியாது. வாக்குவம் கிளீனர் இருக்கா? காத்தை ஊதுற மாதிரி மாத்தி, அதோட குழாயைத் தும்பையோட புகைக்குழாய் வாயில துணி சுத்திச் செருகுங்க. சைலன்சர் மேல சோப்புத் தண்ணி தடவுங்க."

கிளீனர் இயங்கத் தொடங்கியதும், "தொந்தரவுக்கு மன்னிக்கவும். என் பையைக் காலி செய்து நெடுநாளாகிறது," என்றது. அதுவும் அவர் எழுதியதுதான். எழுதியபோது மிக நாசூக்காகத் தோன்றிய வாக்கியம், இப்போது எட்டி உதைக்கலாம் போலிருந்தது. பிரஷ்ஷை வாளியில் தோய்த்துச் சைலன்சரின் அடிவயிற்றில் தடவினார்.

முதலில் ஒரு குமிழி. பக்கத்தில் இன்னொன்று. பிறகு சுண்டுவிரல் நீளத்துக்கு வரிசையாக, நுரை பொங்கிப் பொங்கி வந்தது.

"வெடிப்பு," என்றார்.

"உங்க ஹீட்டர் வழியா மூணு வாரமா கார்பன் மோனாக்சைடு வந்துட்டிருக்கு. கொஞ்சமாத் திறந்ததால தலைவலியோட போச்சு. முழுசாத் திறந்திருந்தா..."

அவர் முடிக்கவில்லை. முனிரத்தினம் முடித்துப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை, எட்டாயிரம் அடி, முழுசாகத் திறந்த ஹீட்டர். பக்கத்து இருக்கையில் வசுந்தரா, 'ஏங்க, வெல்ல வாசனை வருதே' என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போவாள். அவரும் தூங்கிப்போவார். தும்பை மட்டும் எரிபொருள் தீரும்வரை நேராகப் பறந்துகொண்டிருக்கும். அதற்குத்தான் வாயில்லையே.

பக்கத்திலிருந்த வாளியிலேயே பொத்தென்று உட்கார்ந்தார். வாளியில் இன்னும் சோப்புத் தண்ணீர் இருந்ததை உட்கார்ந்த பிறகுதான் கவனித்தார். நனைந்த வேட்டியோடு சிரிப்பும் அழுகையுமாக ஏதோ ஒன்று வந்தது.

"அப்ப என் தலையில ஒண்ணும் இல்லையா மேடம்?"

"அதுக்கு நான் உத்தரவாதம் கொடுக்க முடியாது சார்," என்ற கமருன்னிசா முதல்முறையாக லேசாகச் சிரித்தார். பிறகு குரல் தணிந்தது. "போன வருஷம் ஒரு படகு இன்ஜினோட வாயாளர், 'எனக்குக் குமட்டுது'ன்னார். நல்ல ஜோக்குன்னு சிரிச்சுட்டு போனை வெச்சுட்டேன். மறுநாள் நான் கூப்பிட்டப்போ அந்தப் போனை யாரும் எடுக்கலை."

கொட்டகைத் தகரத்தில் பனி சொட்டிக்கொண்டிருந்தது.

"தும்பை இன்னையிலிருந்து பறக்கக் கூடாதுன்னு பதிஞ்சுட்டேன். காரணத்தையும் பதிஞ்சாச்சு, அதனால உங்க உரிமம் போகாது. டாக்டர் கேட்டா இந்தப் பதிவைக் காட்டுங்க. இப்ப நாடிவளையை மாட்டிக்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"இதை வளையையே முதல்ல சொல்ல விட்டிருக்கலாம்."

"அது உங்களைத்தான் பழுதுன்னு சொல்லியிருக்கும். நீங்க வீட்டுல உக்காந்திருப்பீங்க, தும்பையை வேற யாராவது வாங்கி ஹீட்டரைத் திறந்திருப்பாங்க. அதோட வலிதான் உங்க தலையில வலிச்சது சார். நீங்க வாயைத் திறக்கத்தான் மூணு வாரம் ஆயிருக்கு."

முனிரத்தினம் கருவிப்பெட்டியைத் திறந்தார். வளையை எடுத்தார். மாட்டாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அது கத்துவதற்குமுன் ஒருவரிடம் அவராகவே சொல்ல வேண்டியிருந்தது.

வசுந்தரா அடுப்படியில் மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். நனைந்த வேட்டியைப் பார்த்தாள், கரி படிந்த கையைப் பார்த்தாள். பழக்கத்தில் கண் மணிக்கட்டுக்குப் போனது. அங்கே வெளுத்த தோல்வட்டம் மட்டும் இருந்தது.

"வளை எங்கே?"

"பையில."

"ஏன், என்ன சொல்லுது அது?"

கோடிக்கணக்கான இயந்திரங்களுக்கு வலியைச் சொல்லக் கற்றுக்கொடுத்தவருக்கு முதல் வார்த்தை அகப்படவில்லை. ஒரு வேடிக்கை தயாராக நாக்கு நுனிக்கு வந்தது. விழுங்கினார்.

"ஞாயித்துக்கிழமை நாம போக முடியாது, வசு. எனக்கு மூணு வாரமா தலைவலி. உன்கிட்ட மறைச்சுட்டேன். பயமா இருந்துது."

அவளுக்கு உடனே என்ன செய்வதென்று தெரியவில்லை. இப்படி ஒன்றை ஒருவர் வாயால் கேட்டு எத்தனையோ வருடமாகிறது. மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்து, உள்ளங்கையை அவர் நெற்றியில் வைத்தாள். சரியான இடத்தில்தான் வைத்திருக்கிறோமா என்று சந்தேகப்படுகிறவள்போல் கொஞ்சம் நகர்த்தினாள்.

"எங்கே வலிக்குது? இங்கேயா?"

அடுப்பின் மேலிருந்த தோசைக்கல், "சூடாகிவிட்டேன். தாங்கள் தயாரா?" என்றது.

"நீ சும்மா இரு," என்றாள் வசுந்தரா, கையை எடுக்காமல். "அவர் பேசிட்டிருக்காரு."