பின் போடணும்

காலையில் நட்டின் ஓட்டைக்குள் நுழைத்து, ரெண்டு காலையும் விரித்து மடக்கி, குறடால் தட்டி உட்கார வைத்த கம்பிப் பின், மத்தியானம் கன்னையா சோறு தின்றுவிட்டு வந்து பார்த்தபோது சாமான் கழுவுகிற மண்ணெண்ணெய்த் தட்டில் கிடந்தது. சும்மா கிடந்தாலும் பரவாயில்லை. மடங்கின தடமே இல்லாமல், கடையில் வாங்கினபடி நேராகக் கிடந்தது. ஒருதரம் மடக்கின கம்பியை எவ்வளவு நிமிர்த்தினாலும் நெளிவு போகாது. பட்டறைக்காரன் எவனுக்கும் அது தெரியும்.

மறந்திருப்பேன் என்று சொல்லிக்கொண்டான். மறந்தானாம்! இந்த ஒரு பின்னை மறக்கிற யோகம் அவனுக்கு ஏது?

ஸ்டியரிங் தண்டின் அடியில் முன்சக்கரங்களைத் திருப்புகிற இரும்புக் கை ஒன்று உண்டு. அதை ஒரு நட்டு பிடித்திருக்கிறது. அந்த நட்டு கழலாமல் காப்பது இந்தப் பின். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.

எட்டு மாசத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, ரயில்வே ஆபீசில் பெரிய கிராணியாக, தலைமைக் குமாஸ்தாவாக இருக்கும் யாழ்ப்பாணத்து யோகநாதன், பிரிக்பீல்ட்ஸில் இருக்கிற இதே பட்டறை வாசலில் அவசரமாக நின்றிருந்தார். வண்டி அப்போதே இருபது வருஷப் பழசு. கிள்ளான் கோயிலுக்குப் போகவேண்டும், பூசைக்கு நேரமாகிவிட்டது. அவர் மனைவி பூரணம் எண்ணெய் தேய்த்து முழுகின ஈரத்தலையோடு ஏறி உட்கார்ந்தாயிற்று. கன்னையா வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, "ஐயா, இன்னும் பின் போடணும்" என்றான்.

"ஓம், பின் போடலாம். இப்ப கோயிலுக்குப் போட்டு வாறன்" என்றார் அவர்.

அவர் காதில் அது 'பிறகு' என்று விழுந்துவிட்டது. கன்னையாவுக்கு அது நன்றாகவே புரிந்தது. பூரணம்தான் எட்டிப் பார்த்து, "என்ன போடவேணும்?" என்று கேட்டாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பசி, சோம்பல், போய் வருகிறவரைக்கும் நட்டு தாங்காதா என்கிற அலட்சியம். "ஒண்ணுமில்லம்மா, சின்னச் சாமான்தான்" என்று சொல்லிவிட்டான், படுபாவி.

பெட்டாலிங் தாண்டி ஒரு இறக்கத்தில் வண்டி திரும்பவில்லை. கிராணிக்குக் கால் போனதோடு சரி. பூரணத்தை மரத்துக்கும் வண்டிக்கும் நடுவிலிருந்து எடுக்க மத்தியானம் ஆனது. போலீஸ்காரர்கள் வண்டியைப் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டது யாரை? இந்தக் கன்னையாவைத்தான். "பழைய தண்டு, முறிஞ்சிருச்சு" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான்.

இப்போது அதே வண்டி. கிராணி ஊன்றுகோலோடு வந்து, "பழையபடி ஆக்கித் தாரும். உம்மட கையாலதான் செய்யவேணும்" என்றார். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பாரே!

இரண்டாம் தரம் பின்னைப் போட்டான். மறுநாள் தட்டில் கிடந்தது. மூன்றாம் தரம் போட்டுவிட்டு, பட்டப்பகலில், கூரைத் தகரத்தில் மழை சடசடவென்று கொட்டிக்கொண்டிருக்க, வண்டிக்கு அடியிலேயே படுத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கிரீஸ் வாடை, துரு வாடை, ஈரச் சாக்கின் புளிச்ச வாடை எல்லாவற்றுக்கும் மேலாக மெல்ல ஒரு வாசம் எழுந்து வந்தது. நல்லெண்ணெய். சீயக்காய். ஈரத் தலைமயிர். மேலே சீட்டின் சுருள்கம்பிகள் கிறீச்சென்று தாழ்ந்தன. யாரோ உட்கார்கிறார்கள்.

அவன் மூச்சு விடவில்லை.

கண்ணெதிரே பின்னின் ஒரு கால் நிமிர்ந்தது. பிறகு மற்றது. தொப்பென்று அவன் நெஞ்சில் விழுந்தது.

அன்று சாயங்காலம் கிராணி வந்தார். "நாளைக்கு வெள்ளி. முதல் ஓட்டம் நீர்தான் ஓட்டவேணும். உம்மட மனிசி பக்கத்தில இருக்கட்டும்."

"அவ ஆறு மாசம் முழுகாம இருக்கா ஐயா."

"உம்மட வேலையில உமக்கு நம்பிக்கை இல்லையோ?"

குரலில் கோபமே இல்லை. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று அவன் மனசு அடித்துக்கொண்டது. சொன்னால் ஜெயில். சொல்லாவிட்டால் மனைவி புஷ்பவல்லியும் வயிற்றுப் பிள்ளையும். "சரிங்கய்யா" என்றான்.

இந்தத் தரம் பின்னை மடக்கி, அதன்மேல் ஈயம் உருக்கி ஊற்றி, கம்பி சுற்றி, ராத்திரி முழுக்க அதைக் கையால் பிடித்துக்கொண்டே கிடந்தான். விடிந்தபோது இருந்தது. புஷ்பவல்லி ஏறும்போதும் குனிந்து பார்த்தான். இருந்தது. ஈயம் பளபளத்தது. அப்பாடா என்று அழுகையே வந்துவிட்டது.

"என்னங்க இப்படி வேர்க்குது உங்களுக்கு?" என்று சிரித்தாள் அவள். "சும்மா ஓட்டுங்க. நானும் கார்ல போனேன்னு பக்கத்து வீட்டுத் தங்கமணி அக்காகிட்ட சொல்ல வேணாமா?"

கிராணி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி நன்றாகத்தான் ஓடியது. முதல் முனையில் திரும்பியது. இரண்டாவதிலும் திரும்பியது. ஆற்றங்கரைக்கு இறங்குகிற சாலையில் கால்வாசி தூரம் போனதும் கன்னையாவுக்கு உயிர் வந்தது. பக்கத்தில் புஷ்பவல்லி சும்மா இருந்தாள். ரொம்ப நேரமாகவே சும்மா இருந்தாள்.

நல்லெண்ணெய் வாசம்.

"புஷ்பா?"

அவள் சாலையைப் பார்த்தபடி இருந்தாள். தலைமயிர் முழுக்க நனைந்திருந்தது. நுனியிலிருந்து நீர் சொட்டி மடி நனைந்துகொண்டிருந்தது. மழை இல்லை. நல்ல வெயில்.

கையில் ஸ்டியரிங் லேசாயிற்று. திருப்பினான். சுற்றியது. இந்தப் பக்கம் திருப்பினான். அதுவும் சுற்றியது. முன்சக்கரங்கள் நேராக ஓடின. பிரேக்கை மிதித்தான். மிதி பலகைவரை போய் அப்படியே கிடந்தது; வண்டி நிற்கவில்லை.

"புஷ்பா, குதி! அய்யோ, குதிடீ!"

அவன் அலறினான். அவள் ஒரு கையால் வயிற்றைத் தடவிக்கொண்டே, மறு கையின் விரலை உதட்டில் வைத்தாள். காப்பார் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், யாழ்ப்பாணத்து வீட்டு வாசலைக்கூட மிதித்தறியாதவள், அவனைத் திரும்பிப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

"சத்தம் போடாதேங்கோ. பிள்ளை நித்திரை கொள்ளுது."

எதிரே ஆறு கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. அவன் இன்னும் ஸ்டியரிங்கைச் சுற்றிக்கொண்டிருந்தான்.