பின்னல் போடும் கை

"ஆ...!"

டயர்கடைக்குள்ளிருந்து வந்த அலறலில், எதிர்வீட்டு ஜன்னல்கள் படபடவென்று திறந்தன. அந்தத் தெருவுக்குக் காது கொஞ்சம் நீளம்!

கடைக்காரனின் தோளில் கத்தி கிழித்த கோடு. சட்டையெல்லாம் ரத்தம்.

எதிரே பிளேடு. கூலிக்குக் கை கால் உடைப்பவன்.

"கையை நீட்டுய்யா. ரெண்டையும் உடைக்கச் சொல்லி உத்தரவு."

"எதுக்கு?"

"சனிக்கிழமையானா ஒரு வீட்டு வாசல்ல போய் நிக்கிறியாமே... இனி போகக் கூடாது!"

"போவேன்டா! கால் போனா தவழ்ந்து போவேன்!"

அந்த வீட்டில் இருந்தது கடைக்காரனின் மகள். அவளைப் பெற்றவளுக்கும் இவனுக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று தெருவே மண்டையை உடைத்துக்கொண்டது. மகளோ மண்டையை அப்பனிடம் நீட்டினாள்... வாரம் ஒரு பின்னல்! பழைய டயர் டியூபை நாடாவாகக் கிழித்துப் பின்னிப் பழகிய பின்னல். இன்று சனிக்கிழமை. பத்து மணி தாண்டினால் அந்த வீட்டுக் கதவு திறக்காது.

கத்தி மறுபடி பாய்ந்தது.

கடைக்காரன் குனிந்தான். வீல் ஸ்பேனரை எடுத்தான். சுழற்றினான்.

மடக்!

பிளேடின் வலது கை தொங்கியது. அடுத்த அடி மூக்கில்! டயர் அடுக்கோடு சரிந்தான். ஸ்பேனர் அவன் தலைக்கு நேரே உயர்ந்தது.

"அண்ணே... மணி என்ன?"

"சாகப்போறவனுக்கு மணி எதுக்குடா?"

"என் பையனைப் பாக்கணும்ணே. லேட்டானா அவங்கம்மா உள்ள விடமாட்டா... கல்யாணம் பண்ணிக்கலைன்னா பெத்த புள்ள இல்லைன்னு ஆயிடுமா?"

ஸ்பேனர் அந்தரத்தில் நின்றது.

"அடப்பாவி... நானும் அதே கேஸ்தாண்டா! என் மகளுக்குத் தலை பின்னத்தான் போறேன்."

பிளேடு வாயைப் பிளந்தான்.

"மகளா? எவனோ ஒருத்தன் குழந்தைகிட்ட வம்பு பண்றான்னில்ல அந்தாளு சொன்னான்!"

"எந்தாளு?"

"அந்தப் பாப்பாவோட தாய்மாமன்! அதே வீட்லதான் இருக்கான்."

கடைக்காரன் பல்லைக் கடித்தான். தன் தோளையும் அவன் கையையும் துணியால் இறுக்கிக் கட்டினான்.

"பைக்ல ஏறுடா. முதல்ல எந்த வீடு?"

"உங்க பொண்ணு வீடுதாண்ணே பக்கம்."

அந்த வீட்டு வாசலில் பைக் நின்றதும் பிளேடின் செல் அலறியது. தாய்மாமன்! கடைக்காரனே அதை எடுத்துப் பிளேடின் காதில் வைத்தான்.

"கையை உடைச்சிட்டியா?"

"உடைஞ்சிருச்சுண்ணே."

"சபாஷ்! எந்தக் கை?"

"வலது... என்னோடது."

"என்னடா உளர்றே?"

"உங்க வாசல்லதான் நிக்கிறோம். கதவைத் திறங்க. அண்ணன் உள்ள போய்ப் பொண்ணுக்குத் தலை பின்னட்டும்..."

பிளேடு இடது கையால் கதவைத் தட்டினான்.

"...உங்களுக்கு இந்த ஒரு கை போதும்!"