தகப்பன் மூடிய நெருப்பு

அடுப்புச் சாம்பல் சூடாக இருந்தது. இத்தெலின் அப்பா மாதோக் இறந்து நாற்பது நாளாகிறது. அன்றிலிருந்து இந்த வீட்டில் யாரும் தீ மூட்டவில்லை என்று சித்தப்பா கதூகன் சத்தியம் செய்திருந்தார்.

நூறு ஊர் சேர்ந்த சீமைக்குக் கான்ட்ரெவ் என்று பெயர். இவர்கள் கான்ட்ரெவில், தகப்பன் கடைசியாகச் சாம்பலிட்டு மூடிய நெருப்பை மகன் தன் கையால் திறந்து, மூன்று நாள் அதைவிட்டு நகராமல் இருந்தால் நிலம் அவனுக்கு. எழுந்துவிட்டால் சித்தப்பாவுக்கு. சாவுக்கும் வரமுடியாமல் இன்றுதான் வெளியூரிலிருந்து திரும்பிய இத்தெலுக்கு வேறு போக்கிடம் இல்லை. மனைவி தாங்வென் குழந்தை கெனெரிஸோடு வேலிக்கு வெளியே, மழையில், வண்டிக்கடியில் ஒண்டிக்கிடந்தாள்.

முதல் நாள் நாற்றம்தான். ஈரக் கூரைப் புல்லுக்கும் புளித்த மோருக்கும் அடியிலிருந்து கெட்ட ஆட்டுக்கொழுப்பு கருகுவது போல ஒரு வாடை எழுந்து, தொண்டையில் ஒட்டி, எத்தனை முறை துப்பினாலும் போகாமல், கடித்த ரொட்டியிலும் ருசித்தது. சாம்பலை விலக்கினான். மேலே பொடி, அடியில் களி. விரலில் மஞ்சளாக அப்பியதை வழித்தபோது நரைமுடி நீளமாக வந்தது. உட்கார்ந்த இடத்திலேயே நாலு தடவை வாந்தி எடுத்தான். சீ, என்ன பிழைப்பு இது!

இரண்டாம் நாள் சாம்பல் மேடு உயர்ந்தது. தாழ்ந்தது. மறுபடி உயர்ந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் சித்தப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றார். அப்பாவை எங்கே புதைத்தீர்கள் என்று இத்தெல் கேட்டான்.

"அவன் எழுந்திரிச்சாதானே புதைக்க? எழுந்தா நிலம் எனக்குப் போயிடும்னு உங்கப்பனும் இப்படித்தான் உக்காந்தான். செத்தும் எழுந்திரிக்கல. மூணு பேரு இழுத்தோம், தோலுதான் கையோட வந்துச்சு. அப்படியே உருகி உள்ள இறங்கிட்டான். வெளிய வந்துடு மவனே."

நிலத்தைப் பிடுங்க இதுவும் ஒரு தந்திரம் என்று இத்தெல் அசையாமல் இருந்தான். பொழுது சாய்ந்தது. ஜெயித்துவிட்டான். மனைவியைக் கூவி அழைத்தான்.

எழப் பார்த்தான். முடியவில்லை. களி முழங்கால்வரை ஏறி இறுகியிருந்தது. உள்ளே வராதே என்று கத்த வாய் திறந்தான். வாயிலும் கொழுப்பு.

கெனெரிஸ்தான் முதலில் ஓடிவந்தாள். குளிரில் நடுங்கியவள் நேரே அந்த மேட்டின்மேல் போய் உட்கார்ந்தாள்.

"சூடா இருக்குப்பா," என்று சிரித்தாள்.

சாம்பலுக்குள்ளிருந்து, மெழுகு வழியும் இரண்டு கைகள் எழுந்தன. பேத்தியை மடியில் இருத்திக்கொண்டன.